பதுளைப் படிக்கட்டும் உப்பில்லாக் கஞ்சியும்

பெண் பார்க்கப் போகிறவன் அந்த வீட்டுக்குள் தன் காலால் நடந்து போக வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. சொல்லித் தர வேண்டிய விஷயமா இது என்று பெரியவர்கள் விட்டுவிடுகிறார்கள். என்னைப் போல் ஒருவன் பிறந்து வருவான் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. நான் பெண் வீட்டுக்குள் போனது உருண்டு. முதலில் முதுகு போயிற்று, அதன் பின்னால் தலை போயிற்று, கால் மட்டும் வர மனமில்லாமல் எங்கேயோ மாட்டிக்கொண்டு கடைசியில் வந்து சேர்ந்தது.

ஜெர்மன் சண்டைக்குச் சில வருஷங்களுக்கு முந்திய சங்கதி. அப்போது எனக்கு இருபத்துச் சொச்சம் வயது. துறையூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா காலமாகிவிட்டார். அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. ஹைஸ்கூல் வரை போய் இரண்டு தரம் பெயிலானவன் என்ற பெருமையும் எனக்கு உண்டு. (பரீட்சை என்பதையே கண்ணால் காணாத ஊரில் அது பெருமைதான், சிரிக்காதீர்கள்.)

பெண்ணின் தகப்பனார் வேலாயுதம் எங்களுக்குத் தூரத்து உறவு. சின்ன வயதில் கப்பலேறி இலங்கைக்குப் போனவர், மலைநாட்டில் பதுளைக் கடைத்தெருவில் ஒரு கடை வைத்து நிலைத்துவிட்டார். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டத்து ஜனங்களுக்கு அரிசி, மிளகாய், கருவாடு, துணிமணி எல்லாம் அங்கேதான். ஒரே மகள் விசாலம் பிறந்து வளர்ந்தது அந்தக் குளிரில். பையனே நேரில் வந்து பார்க்கட்டும் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அம்மாவுக்கு இதில் பாதி மனது. என்னையும் என் தாய்மாமன் நாகப்பனையும் உட்கார வைத்துச் சொன்னாள்.

"அவுங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடுறாங்களா, கடைக்கு ஆளு தேடுறாங்களான்னு எனக்கு இன்னும் வெளங்கல. எனக்கு இருக்கிறது ஒத்தப் புள்ள. கடலுக்கு அங்கிட்டு அவனை விட்டுப்புட்டு நான் யாரு மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறது? போயிப் பாத்துட்டு வாங்க. ஆனா நான் சரின்னு சொல்ற மட்டும் அந்த வீட்டுல கை நனைக்கக் கூடாது. ஆமா."

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போன வீட்டில் சாப்பிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் வேண்டாம் என்று சொல்வது பெண்ணின் பெயரைக் கெடுக்கிற காரியம். சம்மதம் இல்லாதவர்கள் ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு, "ஊருக்குப் போய்க் கடுதாசி போடுறோம்" என்று எழுந்துவிடுவார்கள். அந்தக் கடுதாசி எந்தக் காலத்திலும் வராது. மாமா அம்மாவின் கண் முன்னால் கற்பூரத்தை ஏற்றிச் சத்தியம் செய்தார். மாமாவுக்குச் சத்தியம் செய்வதில் கொஞ்சம் ஆசை அதிகம்.

தூத்துக்குடியில் கப்பலேறினோம். நடுக்கடலில் என் வயிற்றில் இருந்ததெல்லாம் கடலுக்குப் போயிற்று. கொழும்பில் இறங்கியதும் உயிர் வந்தது, உயிரோடு கூடவே புத்தி கெட்டது. புறக்கோட்டைக் கடை ஒன்றில் கறுப்பு பூட்ஸ் ஒரு ஜோடி தொங்குவதைப் பார்த்துவிட்டேன். கணுக்காலுக்கு மேல் வரை ஏறும். முன்பக்கம் நெடுகக் கயிறு. நடந்தால் 'கீச் கீச்' என்று சத்தம் வேறு. பெண் வீட்டார் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் என் வருகை அவர்கள் காதில் விழ வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றியது. கடைக்காரரே கயிற்றைக் கட்டிவிட்டார். அதை எப்படி அவிழ்ப்பது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"செருப்பு போதாதாடா?" என்றார் மாமா.

"மலைநாட்டுக்கு இதுதான் மாமா போட்டுக்கணும்" என்றேன், ஆயுளில் ஒரு மலையையும் ஏறி அறியாத நான்.

ரயில் பண்டாரவளையோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. தெமோதரை வழியாக மாட்டு வண்டி. வழி நெடுக மழை. மாமா கம்பளிக்குள் புகுந்துகொண்டு, "மனுசன் இருக்கிற எடமாடா இது?" என்று வண்டிமாட்டைப் பார்த்து முணுமுணுத்தபடியே வந்தார். நான் பூட்ஸ் நனையாமல் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டே வந்ததில் இடுப்பு விட்டுப்போயிற்று.

பதுளையில் வேலாயுதத்தின் கடை தெரு மட்டத்தில் இருந்தது. வீடு கடைக்குப் பின்னால், சரிவில், கீழே. கடைக்குள் புகுந்து பின்வாசலுக்குப் போனால் அங்கிருந்து கருங்கல் படிகள் செங்குத்தாக இறங்கும். நாள் முழுக்க மழை பெய்யும் ஊர், படி முழுக்கப் பாசி. வேலாயுதம் முன்னால் இறங்கினார். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நான் பின்வாசலில் நின்றேன். அங்கே எல்லோருடைய செருப்பும் வரிசையாகக் கிடந்தது. வீட்டுக்குள் காலணியோடு போக முடியுமா? பூட்ஸைக் கழற்ற வேண்டும்.

குனிந்து கயிற்றை இழுத்தேன். முடிச்சு இறுகியது. இன்னும் இழுத்தேன், இன்னும் இறுகியது. கீழே எல்லோரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சரி, கயிறு எதற்கு, அப்படியே பிடுங்கிவிடலாம் என்று ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மற்றக் காலை இரண்டு கையாலும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தேன். பூட்ஸ் வரவில்லை. நான் போனேன்.

முற்றத்தில் போய் விழுந்த இடத்தில், கால் கழுவத் தண்ணீர்ச் செம்போடு ஒரு பெண் நின்றிருந்தாள். பெண் பார்க்கும்போது பெண் தலை குனிந்து தரையைப் பார்க்க வேண்டும் என்பது முறை. விசாலம் முறைப்படி தரையைத்தான் பார்த்தாள். தரையில் நான் கிடந்தேன்.

"ஐயோ அம்மா! யாரோ விழுந்துட்டாங்க!" என்றாள். என் மனைவி என்னைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை 'யாரோ' என்பது.

எழுந்திருக்கப் பார்த்தேன். வலது கணுக்காலில் உயிர் போனது. பாதம் ஒரு பக்கம் பார்க்க, நான் வேறு பக்கம் பார்த்தேன். அதற்குள் கால் வீங்கி பூட்ஸை உள்ளிருந்து நெருக்கிப் பிடித்துக்கொண்டது. பக்கத்துத் துணிக்கடை சுலைமான் நானா சத்தம் கேட்டு ஓடி வந்தார். பதுளைக் கடைத்தெருவில் பாதிக் கடை அவரைப் போன்ற முஸ்லிம்களுடையது. அண்ணன் என்று சொல்வதை அவர்கள் நானா என்பார்கள். பெரிய கத்திரியோடு வந்தவர் என் காலருகே உட்கார்ந்தார்.

"ஒண்டுக்கும் பயப்படாதீங்க தம்பி. இது எங்கட கடைக் கத்திரி. பட்டும் வெட்டும், பூட்ஸும் வெட்டும்."

"பூட்ஸை வெட்டாதீங்க! புதுசு!" என்று நான் கத்தினேனாம். எனக்கு ஞாபகமில்லை. ஆனால் அங்கே இருந்த எல்லோருக்கும் ஞாபகமிருந்தது, இன்றுவரை இருக்கிறது.

பூட்ஸ் இரண்டாகப் பிளந்தது. கால் வெளியே வந்தது. பார்த்தவுடன் மாமா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரி கிட்டத்துலதான் இருக்கு. தூக்கிட்டுப் போயிடலாங்க" என்றார் வேலாயுதம்.

"ஆஸ்பத்திரியா? என் அக்காகிட்ட இவனை ரெண்டு காலோட வாங்கிட்டு வந்திருக்கேன்யா! ரெண்டு காலோட திருப்பிக் குடுக்கணும்!"

மாமாவுக்கு ஆஸ்பத்திரி என்றால் ரம்பம்தான் நினைவுக்கு வரும். எத்தனை பேர் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் சுலைமான் நானா, வெலிமடைப் பக்கத்தில் எலும்பு முறிவுக்குப் பேர்போன சிங்கள வைத்தியர் ஒருவர் இருக்கிறார், வண்டி அனுப்பி அழைத்துவரலாம் என்றார். சிங்கள வைத்தியரை அங்கே வெதமாத்தயா என்பார்கள். அவர் வரும் வரை என்னை நடுக்கூடத்தில் ஒரு பலகையில் கிடத்தினார்கள். மாமா பக்கத்திலேயே உட்கார்ந்தார். கால் போனாலும் சத்தியம் போகக் கூடாது என்று என் வாயைக் காவல் காத்தார். வேலாயுதத்தின் மனைவி சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்தாள். மாமா கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்குங்க தாயி. எங்க அக்கா உத்தரவு."

அந்த அம்மாள் இலையை எடுத்துக்கொண்டு போனாள். அன்றும் மறுநாளும் மாமா கடைத்தெருவிலிருந்து வாங்கி வந்த பாணும் வாழைப்பழமும்தான் எனக்கு ஆகாரம். (ரொட்டியை அங்கே பாண் என்பார்கள்.) உள்ளேயிருந்து குழம்பு தாளிக்கிற வாசனை வரும். நான் பாணைக் கடித்துக்கொண்டு வாசனையை விழுங்குவேன்.

வெதமாத்தயா வந்தார். வெள்ளைத் தாடி, சிரித்த முகம். என் பாதத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். தெரிந்த கொஞ்சத் தமிழில், குழந்தையிடம் பேசுகிற மாதிரி, "வலி இருக்கா?" என்றார். "இல்லை" என்று வீரமாகச் சொல்லி வாயை மூடவில்லை, ஓர் இழுப்பு இழுத்தார். நான் போட்ட சத்தத்தில் சர்க்கார் கச்சேரி உத்தியோகஸ்தர்கள் எழுந்து வெளியே வந்ததாகச் சுலைமான் நானா பிறகு சொன்னார். (கச்சேரி தூரத்தில் இருக்கிறது. அதனால் இதை முழுசாக நம்ப வேண்டாம்.) பச்சிலையை அரைத்து அப்பி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார்.

"எலும்பு ஒட்டும். அடுத்த போயா மட்டும் இந்த எடத்த விட்டு அசைய ஏலாது" என்றார். போயா என்றால் பௌர்ணமி. அப்போது பௌர்ணமி கழிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. "கடைச் சாப்பாடு சரி வராது. வீட்டுல காய்ச்சின உளுந்தங்கஞ்சி குடுங்க. அது மட்டுந்தான்."

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"எங்கட வீட்டுல காய்ச்சித் தரலாம்" என்றார் சுலைமான் நானா. பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு அது ஏலாது. தெரியுமே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வேலாயுதம் அப்போதுதான் முதல் முறையாக மனம் விட்டுப் பேசினார். நல்ல மனுஷர், குரல் உயர்த்தத் தெரியாதவர்.

"அண்ணே, இவரு இங்க கெடக்கிறது எனக்குப் பாரமில்ல. எத்தனை நாள் வேணா இருக்கட்டும். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. போன வருசம் ஒருத்தங்க வந்து புள்ளையைப் பாத்தாங்க. தண்ணியைக் குடிச்சிட்டு, கடுதாசி போடுறோம்னு போயிட்டாங்க. கடைத்தெரு பூரா அதைப் பேசுச்சு. இப்ப இவரு ஒரு மாசம் என் வீட்டுல கெடந்துட்டு, அப்புறம் வேணாம்னு எந்திரிச்சுப் போனா, என் புள்ளையை இனிமே யாருங்க பாக்க வருவா?"

சமையலறைக் கதவு லேசாக அசைந்தது. கால் வலியைவிட அந்தக் கதவின் அசைவு எனக்கு அதிகமாக வலித்தது. நான் விழுந்தது என் காலை மட்டும் ஒடிக்கவில்லை, இன்னொருத்தியின் வாழ்க்கைக்குக் குறுக்கேயும் போய் விழுந்துவிட்டேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மாமா நெடுநேரம் மோவாயைத் தடவினார். கோர்ட்டில் தீர்ப்புச் சொல்வதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கஞ்சி குடுங்க. ஆனா உப்புப் போடக் கூடாது. உப்பில்லாட்டி அது மருந்து. உப்புப் போட்டா சாப்பாடு. சாப்பாடுன்னா சம்பந்தம்."

"வெல்லம் போடலாங்களா?" என்று உள்ளேயிருந்து விசாலத்தின் தாயார் கேட்டாள்.

"இனிப்பா? அது நிச்சயதார்த்தமே ஆயிடும்மா!"

வெதமாத்தயாவுக்குச் சுலைமான் நானா இதைச் சிங்களத்தில் விளக்கிச் சொன்னார். அவர் தாடி குலுங்கச் சிரித்தார். பிறகு என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனார்.

உப்பும் இல்லாமல் இனிப்பும் இல்லாமல் உளுந்தங்கஞ்சி குடித்திருக்கிறீர்களா? வேண்டாம். காகிதம் ஒட்டுகிற பசையைக் காய்ச்சி அதைச் சூடாகக் குடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், போதும். காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு. மாமாவோ சைவச் சாப்பாட்டுக் கடையில் ஒரு பிடி பிடித்துவிட்டு ஏப்பத்தோடு வந்து, "குடிடா, மருந்துதானே" என்பார்.

அந்த வீட்டில் எனக்குப் பெயரும் இல்லாமல் போயிற்று. மாப்பிள்ளை என்று சொல்ல முடியாது. விருந்தாளி என்றால் விருந்து போட வேண்டும். 'கால்காரர்' என்று ஒரு பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. "கால்காரருக்குக் கஞ்சி ஆச்சா?" "கால்காரரு தூங்குறாங்க, சத்தம் போடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஜனங்கள் கடைக்கு வரும் நாள். அரிசி வாங்க வந்தவர்கள் அப்படியே படியிறங்கி என்னையும் பார்த்துவிட்டுப் போனார்கள். ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக் கங்காணியின் மனைவி மாரியாயி நாலைந்து பெண்களோடு வந்து என் தலைமாட்டில் நின்றாள்.

"பொண்ணு பாக்க வந்து காலை ஒடிச்சிக்கிட்டவரு இவருதானா?"

"இவருதாங்க."

"மூக்கு நல்லாத்தான் இருக்கு. நெறம் கொஞ்சம் மட்டு. பாடத் தெரியுமான்னு கேட்டீங்களா?"

"அக்கா, நடக்கச் சொல்லிப் பாருங்க. நொண்டியா இருந்துடப் போறாரு!" என்றாள் ஒருத்தி. வீடே அதிரச் சிரித்தார்கள்.

பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண்ணைப் பாடச் சொல்வார்கள். கால் ஊனமா என்று தெரிந்துகொள்ள நடக்கச் சொல்வார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியும், சாதாரண வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மல்லாந்து கிடக்கிறவன் முகத்துக்கு மேல் நாலைந்து முகங்கள் குனிந்து மூக்கையும் நிறத்தையும் பேசும்போது அது சாதாரணமாக இல்லை. எழுந்து ஓடிவிடலாம் என்றால் காலும் இல்லை. போர்வையை இழுத்து மூக்கு வரை மூடிக்கொண்டேன்.

அந்தப் பிற்பகல் கடையில் கூட்டம். வீட்டில் எல்லோரும் மேலே போய்விட்டார்கள். மாமாவும் எடை போட ஒத்தாசை செய்யப் போயிருந்தார். கூடத்தில் நான் தனியாக. சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"போர்வையை எறக்கலாம். அவுங்க போயிட்டாங்க."

இறக்கினேன். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. ஆள் தெரியவில்லை.

"ரொம்பச் சிரிச்சிட்டாங்களா?" என்றாள்.

"பரவாயில்ல."

"எனக்குப் பழக்கம். போன வருசம் வந்தவங்க என்னை ரெண்டு தடவை நடக்க விட்டுப் பாத்தாங்க. மொத தடவை அவுங்க அம்மா சரியா பாக்கலியாம்."

இதற்கெல்லாம் பதில் சொல்ல ஹைஸ்கூலில் பாடம் கிடையாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, யோசிக்காமல், பூட்ஸைப் பிடுங்கிய அதே புத்தியோடு கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு... என்னைப் பிடிச்சிருக்கா?"

தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று போர்வையை மறுபடியும் மூக்கு வரை இழுத்தேன். பிறகு, கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் வேறு ஏதோவும் கலந்த குரலில் பதில் வந்தது.

"ஊருக்குப் போயிக் கடுதாசி போடுறேன்னு சொல்லணும். நான் எந்த ஊருக்குப் போறது? யோசிச்சுச் சொல்றேன்."

கதவு சாத்திக்கொண்டது.

அதற்கப்புறம் வந்த நாட்களை நான் மறக்கவே மாட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. கஞ்சி மட்டும் வந்தது. அவள் தாயார் கொண்டுவந்து வைப்பாள், காய்ச்சுகிறவள் விசாலம். செம்பு வைக்கிற முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. கதவு அசைந்தால் தலையைத் தூக்கிப் பார்ப்பேன், பூனையாக இருக்கும். 'பிடிக்கவில்லை என்றால் என்ன சொல்வாள்? எப்படிச் சொல்வாள்? ஒரு வேளை மூக்கு உண்மையிலேயே நன்றாக இல்லையோ?' இப்படியெல்லாம் கிடந்து உழன்றேன். அன்னிய ஊரில், அசைய முடியாமல், யாரோ ஒருவருடைய வாயிலிருந்து ஒரு வார்த்தை வருமா என்று காத்துக்கிடப்பது என்ன என்பது அப்போது தெரிந்தது. எங்கள் ஊரில் பெண்களெல்லாம் இதைத்தான் வருஷக்கணக்கில் அனுபவிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு வந்த ஆண்கள் அதை மறுநாளே மறந்துவிடுகிறார்கள்.

போயா நெருங்கிக்கொண்டிருந்தது. வெதமாத்தயா கட்டுப் பிரித்துவிட்டால் மாமா என்னை வண்டியில் ஏற்றிவிடுவார். வேலாயுதம் நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டார். மாமா பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

அன்று காலை வழக்கம்போல் செம்பு வந்தது. வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தேன்.

உப்பு.

நாக்கு பொய் சொல்கிறதோ என்று இன்னொரு வாய். உப்புத்தான். நன்றாக, தாராளமாக, உப்பு. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை நாள் கழித்து உப்பைக் கண்டதால் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதனால் இல்லை. கதவைப் பார்த்தேன், சாத்தித்தான் இருந்தது. முக்கால் செம்பையும் மடமடவென்று குடித்தேன். கூடத்தில் மாமா பெட்டிக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். சுலைமான் நானா என்னை விசாரித்துப் போக வந்திருந்தார். வேலாயுதம் அவரோடு நின்றிருந்தார்.

"மாமா" என்றேன். "கஞ்சியில உப்பு இருக்கு."

மாமா கயிற்றை விட்டார்.

"என்னடா உளர்றே? நாக்கு மரத்துப்போச்சு உனக்கு."

"இருக்கு மாமா. குடிச்சிட்டேன்."

"இருக்கவே இருக்காது! நான் அத்தனை தடவை சொல்லியிருக்கேன். எங்கே, கொண்டா அதை!"

செம்பைப் பிடுங்கினார். மிச்சத்தை உள்ளங்கையில் கவிழ்த்து, நாக்கால் வழித்துச் சப்புக்கொட்டிப் பார்த்தார். கண்ணை மூடி யோசித்தார். இன்னும் ஒரு தடவை வழித்தார்.

"இருக்கு" என்றார். "கொஞ்சம் தூக்கலாவே இருக்கு."

சுலைமான் நானாதான் மெதுவாகக் கேட்டார்.

"மாமா, பொடியன் குடிச்சது மருந்துண்டே வைப்பமே. இப்ப நீங்க குடிச்சது என்ன? உங்களுக்குக் கால் நல்லாத்தானே இருக்கு?"

மாமா தன் உள்ளங்கையைப் பார்த்தார். ஈரமாக இருந்தது. என்னைப் பார்த்தார், வேலாயுதத்தைப் பார்த்தார், மறுபடியும் கையைப் பார்த்தார். அப்படியே பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க அக்கா என்னை உயிரோட விட மாட்டா."

யாரும் சிரிக்கவில்லை. மாமாவே மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு வேலாயுதத்தைப் பார்த்தார்.

"சரி சம்பந்தி. ஆனது ஆச்சு. கடைச்சோறு தின்னு தின்னு நாக்குச் செத்துப்போச்சு. இலையைப் போடச் சொல்லுங்க."

சமையலறையில் விசாலத்தின் தாயார் விம்மி அழுவது கேட்டது. வேலாயுதம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு நான் சாப்பிட்டதைப் போல் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை. வெதமாத்தயாவின் பத்தியம் அன்றோடு முடிந்தது. (கால் ஒரு நூல் வளைந்து ஒட்டியதற்கு அந்தச் சாப்பாடுதான் காரணம் என்று அவர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.)

கல்யாணம் எங்கள் ஊரில் நடந்தது. அம்மா மாமாவோடு பேச ஆறேழு மாதம் ஆயிற்று. நான் கடலுக்கு அந்தப் பக்கம் குடிபோகவில்லை, விசாலம்தான் இந்தப் பக்கம் வந்தாள். எங்கள் ஊர் வெயிலில் முதல் கோடையில் அவள் கொல்லைப்புறம் போய் நின்று வானத்தைப் பார்ப்பாள்.

"இங்க மழை எப்பங்க வரும்?"

"ஐப்பசியில."

அப்போது சித்திரை. அவள் உள்ளே போனாள். நான் அன்னிய மண்ணில் ஒரு போயா வரை கிடந்ததற்கு ஊரே கூடி வந்து பார்த்தது, பரிதாபப்பட்டது, பச்சிலை கட்டியது. அவள் ஆயுள் முழுக்க அன்னிய மண்ணுக்கு வந்துவிட்டாள். இரண்டு காலும் நன்றாக இருந்ததால் யாரும் அவளைப் பார்க்க வரவில்லை. இது எனக்கு உறைத்தபின் என்னால் முடிந்த போதெல்லாம் அவளைப் பதுளைக்கு அழைத்துப் போனேன். படியில் மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவேன்.

உப்பு எப்படி விழுந்தது என்று நான் கேட்டால் விசாலத்திடம் ஒரே பதில்தான். "கை தவறி விழுந்துச்சு." வருஷக்கணக்காக அதையே சொன்னாள். நானும், சரி, கை தவறி விழுந்த உப்பில் கட்டின குடித்தனம் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். அம்மா படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். விசாலம் வீட்டுக்கு வந்த புதிதில் அம்மா அவளை நேருக்கு நேராகக் கேட்டாளாம்.

"உப்பு தானா விழுந்துச்சா, நீயா போட்டியா?"

"நானாத்தான் அத்தை போட்டேன்."

"ஏன்டி?"

"முன்னாடி வந்தவங்க என்னைப் பாத்துட்டுப் போனாங்க. இவருதான் என்னைக் கேட்டாரு."

"அதுக்கு மேல நான் என்னத்தைடா அவகிட்ட கோவிச்சுக்கிறது?" என்றாள் அம்மா. "என்னையும் யாரும் கேக்கலியே."

இப்போது எங்கள் வீட்டில் எந்தப் பண்டத்தில் உப்புக் குறைந்தாலும், "இது மருந்தா, சாப்பாடா?" என்றுதான் கேட்பார்கள். பிள்ளைகள் கேட்கிறார்கள், மருமகள் கேட்கிறாள், சம்பந்தி வீட்டார்கூடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். மழை நாளில் அந்தக் கணுக்கால் இன்னும் குடையும். அன்றைக்கெல்லாம் விசாலம் உளுந்தங்கஞ்சி காய்ச்சித் தருவாள். சண்டை இல்லாத நாளில் உப்பு இருக்கும்.

நேற்று எங்களுக்குள் ஒரு சின்னச் சண்டை. காரணம் சொன்னால் நீங்களும் அவள் பக்கம் சேர்ந்துவிடுவீர்கள், அதனால் வேண்டாம். இன்று காலை மழை, கால் வலி, கஞ்சி வந்தது. ஒரு வாய் குடித்தேன். மருமகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, மருந்தா?" என்றாள்.

"மருந்துதாம்மா" என்றேன். அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தேன். "விசாலம், இன்னுமா என்னைப் பிடிக்கல?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.